இடப்பக்கம் இருந்தவள்

அரிசியைக் களைந்து குக்கரில் போட்டுவிட்டு, ராஜகனி கணவரைக் கூரைக் கொக்கியில் மாட்டினாள்.

கடற்சுவர் அடுக்ககத்தில் இது ஒரு சங்கதியே இல்லை. தூத்துக்குடியில் பாதியைக் கடல் தின்றுவிட்டுப் போன பிறகு, மிச்ச ஊரை ஒரே கட்டடத்தில் அடுக்கினார்கள். வீட்டுக்கு ஓர் அடுப்படி, ஒரு கழிப்பறை, கூடத்தின் நடுவில் ஒரு கொக்கி என்று முன்யோசனையோடுதான் கட்டினார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொள்ளும் காலம் அது. காலையில் எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும், கூடத்தில் யாராவது ஒருவர் பட்டைகளில் தொங்கியபடி காற்றில் நடந்துகொண்டிருப்பார். வீட்டுப் பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெருக்கித் துடைப்பார்கள். கொடியில் ஈரத்துணி கிடப்பது மாதிரி அவ்வளவு சகஜம். யார் வீட்டில் யார் தொங்குகிறார், விரலை அசைத்தாரா, இல்லை அசைத்ததாக வீட்டில் கதை விடுகிறார்களா என்பதெல்லாம் லிப்டில் ஏறி இறங்குகிறவர்களுக்குப் பொழுதுபோக்கு.

தொங்குகிறவரின் தலையில் கவிழ்க்கும் கருவிக்குக் கண்கூடு என்று பெயர். குருவிக்கூட்டைக் குப்புறப் போட்ட மாதிரி இருக்கும். அதற்குள்ளே தெரிவது மாற்றுவெளி. அதை நடத்துகிற இயந்திரம் மீட்பி. விஷயம் இவ்வளவுதான்: செத்துப்போன கையில் ஒரு விரல் இங்கே நெல்லளவு துடித்தால், மாற்றுவெளியில் கை முழுசாக உயர்ந்து கிளையிலிருக்கும் மாங்காயைப் பறிக்கும். மூளை அதை நம்பிவிடும். கை வேலை செய்கிறதாக்கும் என்று நினைத்து, அடைபட்ட பாதையை விட்டுவிட்டுப் புதுப்பாதை போட்டுக்கொள்ளும். பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் கை நிஜமாகவே உயரும். எத்தனையோ பேரை எழுப்பி நடக்கவிட்ட பொய் அது. யாரும் குறை சொல்ல முடியாது.

ராஜகனியின் கணவர் சுயம்புலிங்கம் துறைமுகத்தில் ஆளில்லாக் கிரேன்களை மேய்க்கிற வேலையில் இருந்தவர். விழுந்த பிறகு அவருக்குக் கையும் காலும் சீக்கிரமே வழிக்கு வந்துவிட்டன. வராமல் அடம்பிடித்தது வேறொன்று. உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

கண்ணில் கோளாறு இல்லை. கண் எல்லாவற்றையும் பார்த்து ஒழுங்காகத்தான் உள்ளே அனுப்புகிறது. மூளைதான் இடப்பக்கத்துச் சரக்கை வாங்கிக்கொள்ள மறுக்கிறது. மருத்துவர்கள் இதற்கு இடப்பாராமை என்று பெயர் வைத்திருந்தார்கள். சுயம்புலிங்கம் வலது கன்னத்தை மட்டும் பளபளவென்று மழித்துக்கொண்டு வெளியே வந்து நிற்பார். கதவைத் தாண்டும்போது இடது தோளை நிலையில் இடித்துக்கொண்டு, யாரோ தள்ளிவிட்டதாகக் கத்துவார். தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு நிமிர்வார்.

“என்ன, இன்னைக்குச் சோறு இத்துனூண்டு வச்சிருக்க?”

ராஜகனி தட்டைத் திருப்பி வைப்பாள்.

“ஏ அப்பா, சீலா மீன் வேற இருக்கா!”

பார்க்க வந்தவர்கள் இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். லிப்டில் இறங்கும்போது சிரித்துக்கொள்வார்கள். இந்த வியாதியில் புதுசாக எதையும் காணாதவள் ராஜகனி ஒருத்திதான். சோபாவில் உட்காரும் அவருக்கு இடப்பக்கம் கிடக்கும் பிரம்பு நாற்காலிதான் கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய இடம். அங்கே அவள் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை என்று மருத்துவமனையிலிருந்து வந்த பெண் கவலையோடு சொன்னபோது, “அது எப்பவும் உள்ளதுதான்மா” என்றாள். அந்தப் பெண் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஆனால் மீட்பி விடுகிற ஆள் இல்லை. ஒருவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பழைய நிலை என்னவென்று அதற்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் வீட்டுச்சாட்சி இருக்கிறதே. ஒவ்வொரு வீட்டுக் கூரை மூலையிலும் பொருத்தியிருக்கும் அந்தக் கண், யாராவது விழுந்தால் மருத்துவமனைக்குச் சொல்லும். விழாத நேரமெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது ஒன்றும் அந்நியமான குணம் இல்லை. மீட்பி, இவர்கள் கல்யாணமாகிக் குடிவந்த நாள் முதல் அந்தக் கண் பார்த்த அத்தனை வருடத்தையும் ஒரே மூச்சில் படித்து, சுயம்புலிங்கம் எதைப் பார்த்தார், எவ்வளவு பார்த்தார் என்று முன்னளவு ஒன்றைத் தயாரித்தது. தயாரித்ததும் ஒரு சந்தேகம் கேட்டது.

டாக்டர் நிலோஃபர் ராஜகனியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். காயல்பட்டினத்துக்காரர், சிரித்த முகம். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

“அம்மா, சாருக்கு இதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்ட்ரோக் வந்திருக்கா? சின்னதா?”

“இல்லையே டாக்டர். தலைவலின்னு கூட அவுக படுத்ததில்ல.”

“மீட்பி அப்படித்தான் நினைக்குது. ரொம்ப வருசத்துக்கு முன்னாடியே மூளையில ஒரு சின்ன இடம் கெட்டிருக்கணும்ங்குது. சார் வீட்டுல எல்லாத்தையும் பார்த்திருக்காங்க. பேப்பர், டிவி, ஜன்னல், வர்றவங்க போறவங்க எல்லார் முகத்தையும் பார்த்துப் பேசியிருக்காங்க. ஒரே ஒரு ஆளோட முகம் மட்டும் அவங்களுக்குப் பிடிபடவே இல்லையாம். கை நீட்டி காபி வாங்குறாங்க, குடுத்தது யாருன்னு கண்ணு போகலை.”

ராஜகனி முந்தானையை விரலில் சுற்றினாள். “எப்ப இருந்துன்னு சொல்லுது?”

டாக்டர் திரையைப் பார்த்து மாதமும் வருடமும் சொன்னார்.

“அது எங்களுக்குக் கல்யாணம் முடிஞ்சி ஆறாம் மாசம்லா” என்றாள் ராஜகனி.

நிலோஃபருக்கு அடக்க முடியவில்லை. சிரித்தேவிட்டார். ராஜகனியும் சிரித்தாள். இருவரும் கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தார்கள். ஒருத்தருக்கு மட்டும் அந்த நீர் நிற்கச் சற்று நேரமானது. டாக்டர் மீட்பியிடம், அது நோய் இல்லை, இயல்பு என்று சொல்லிவிட்டார். மீட்பிக்கு இயல்பு என்றால் இயல்பு. மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அடுத்த வேலை, அவர் கண்ணை இடப்பக்கம் இழுக்க ஒரு தூண்டில். மாற்றுவெளியில் வலப்பக்கத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, மனசுக்குப் பிடித்த ஒன்றை மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், மூளை அதைத் தேடிப் பின்னாலேயே போகும். கிரேன்களைக் காட்டிப் பார்த்தார்கள். கிரிக்கெட்டைக் காட்டினார்கள். பொரித்த இறாலை வாசனையோடு காட்டினார்கள். நடுக்கோடு வரை வருவார்; அதைத் தாண்டினால் எல்லாம் மறைந்துவிட்டதாக நினைத்து அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். பொம்மைகள் போதாது, உயிருள்ள ஆள் ஒருவர் கூடவே உள்ளே போய் இடப்பக்கம் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

சுயம்புலிங்கத்தின் தங்கை பவளக்கொடி ஆறாம் தளத்தில் இருக்கிறாள். அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவள். அதை எல்லோரிடமும் சொல்லவும் செய்வாள். ஒருநாள் கண்கூட்டை மாட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு இதுக்குள்ள போனா கொமட்டுது மயினி. நீங்க சும்மாத்தான இருக்கீக?” என்று கழற்றி ராஜகனி கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வேறு யார் இருக்கிறார்கள்?

இப்படித்தான் ராஜகனி, கடல் தின்றுவிட்டுப் போன பழைய மீன் ஏலக்கூடத்துக்குள் தினமும் போய் நிற்க ஆரம்பித்தாள். உள்ளே ஒரே இரைச்சல். தரையெல்லாம் செதிலும் ஐஸ் தண்ணீரும். வலப்பக்கம் போகப் போகப் பனி மூடிக்கொள்ளும். கையில் மீன்கூடையோடு அவள் நிற்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம். அவளைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த தெருவுக்கு வழி திறக்கும் என்பது மீட்பி வைத்த சட்டம். அவள் கூப்பிடுவாள். அவர் வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் பனிக்குள் தடவுவார்.

“ஏங்க, இங்க. இங்க நிக்கேன்.”

“யாரு அது? எங்க இருந்து பேசுத? வெளிய வா.”

வெளியேதான் நின்றிருந்தாள். தொண்டை கட்டிப்போகிற வரை கூப்பிடுவாள். கண்கூட்டைக் கழற்றியதும் சுக்குத் தண்ணீர் போட்டுக் குடித்துவிட்டு, துவையலுக்குத் தேங்காய் திருகுவாள். பல வாரம் இப்படியே போனது. பவளக்கொடி வந்து எட்டிப் பார்த்து, “நீங்க சரியாக் கூப்பிடல போல மயினி” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் அவர் திரும்பினார். கழுத்து மெதுவாக, துரு ஏறிய கதவு மாதிரி இடப்பக்கம் திரும்பியது. கண் அவள்மேல் வந்து விழுந்து, அங்கேயே நின்றது.

“ராஜகனி!” என்றார்.

ஏ இல்லை, இந்தா இல்லை, யாரு அங்க இல்லை. பெயர். அதை அவர் வாயால் கடைசியாகக் கேட்டது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தில், மனைவி பெயர் என்ன என்று கேட்டபோது சொன்னதாக இருக்கலாம்.

சுயம்புலிங்கம் செதில்களை மிதித்துக்கொண்டு கிட்டத்தில் வந்து, உற்றுப் பார்த்தார்.

“மூக்குத்தி புதுசா?”

“கல்யாணத்துல போட்டதுங்க.”

“தலை இப்படி நரைச்சிருக்கு. எப்ப நரைச்சுது?”

“நீங்க பார்க்காத நேரத்துலதான்.”

அவர் சிரித்தார். அவள் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டார். ஏலக்கூடத்தின் பின்பக்கம் வழி திறந்தது. இருவரும் நடந்தார்கள். நடக்கிற வழியெல்லாம் அவர் இடப்பக்கம் திரும்பி, அவள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக் கூடத்தில் தொங்கிய உடம்பும் அதே போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மூளை ஒரு பாதை போட்டுவிட்டால் அது மாற்றுவெளிக்கு மட்டும் என்று எல்லை போட்டுக்கொள்ளாது. கண்கூட்டைக் கழற்றின பிறகும் சுயம்புலிங்கத்தின் கண் எதையும் பார்ப்பதற்கு முன்னால் அவளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போனது. சோற்றை அவர் முழுத்தட்டும் சாப்பிட்டார். சாப்பிடும் முன் நிமிர்ந்து, “நீ சாப்டியா?” என்று கேட்டார்.

முதல் தடவை இதைக் கேட்டபோது ராஜகனி பயந்துபோய், ஈரக்கையோடு எதிர்வீட்டுச் செலஸ்டின் அக்காவிடம் ஓடினாள்.

“அக்கா, அவுக என்னையச் சாப்டியான்னு கேக்காக.”

செலஸ்டின் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். “ஏளா, டாக்டர்ட்ட சொன்னியா?”

பயம் தெளிய நாளானது. தெளிந்த பிறகு நடந்ததை அடுக்ககம் முழுக்கப் பார்த்தது. ராஜகனி சாயங்காலம் முகம் கழுவி, வேறு புடவை மாற்ற ஆரம்பித்தாள். செயற்கைத் தோட்டத்துப் பிச்சிப்பூ வாங்கித் தலையில் வைத்தாள். “புருசனுக்கு மூளை போச்சி, இவளுக்கு வயசு திரும்புது” என்று நாலாம் தளத்தில் ஒருத்தி சொன்னது லிப்டில் பதினெட்டாம் தளம் வரை போய்த் திரும்பி வந்தது. ராஜகனி காதிலும் விழுந்தது. அவள் பூவை எடுக்கவில்லை. எதற்கும் அவருக்கு இடப்பக்கம் பார்த்தே நின்றாள். அங்கே நின்றால் அவர் தேட வேண்டியிருக்கும். தேடுகிற அந்தக் கணம், அவர் முகம் வெறுமையாக இருந்து சட்டென்று தெளிகிற அந்தக் கணம், அவளுக்கு எவ்வளவு பார்த்தாலும் போதவில்லை.

போதுமென்று நினைத்தவர்கள் மற்றவர்கள்தான். பவளக்கொடி ஒரு பாக்கெட் அல்வாவோடு வந்து அண்ணன் முன்னால் உட்கார்ந்து, தன் மருமகளின் அட்டூழியங்களை விவரித்துக்கொண்டிருந்தாள். பாதியில் சுயம்புலிங்கம் தலையைத் திருப்பி, “ராஜகனி எங்க?” என்றார். அடுப்படியில் என்றாள் தங்கை. “ஏன் நின்னுக்கிட்டே இருக்கா? கால் வலிக்கும்லா” என்று எழுந்துபோய், ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

பவளக்கொடி அங்கேயே அழுதுவிட்டாள்.

“எங்கண்ணன் எப்படி இருந்த ஆளு! கூடத்துல அவன் இருந்தா ஒரு சத்தம் இருக்குமா? வேற யாரோ உள்ள வந்து உக்காந்துட்டான் மயினி. மூளை இன்னும் சரியாகல. நீங்களும் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கீகளே!”

துறைமுகத்து நண்பர்கள் வந்தார்கள். பேச்சுக்குப் பேச்சு, “இருங்க, அவளும் வரட்டும், அவ என்ன சொல்லுதான்னு கேப்போம்” என்றார் சுயம்புலிங்கம். நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நல்ல மனுசன், இப்படி ஆகிப்போனானே என்று வருத்தப்பட்டார்கள். அந்த வாரம் அடுக்ககத்துக் கோயிலில் அவர் பேருக்கு இரண்டு அர்ச்சனை நடந்தது. தட்டைத் திருப்பித் திருப்பி வைத்த காலத்தில் ஒன்றுதான் நடந்தது.

கடைசிப் பரிசோதனைக்கு எல்லோரும் மருத்துவமனைக்குப் போனார்கள். கை சரி, கால் சரி, பார்வை சரி. இடப்பாராமை துப்புரவாக நீங்கிவிட்டது. ஆனால் மீட்பி மீட்சிச் சான்று தர மறுத்தது. டாக்டர் நிலோஃபர் திரையைப் படித்துவிட்டு, யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

“எல்லாம் முன்னளவுக்கு வந்திருச்சு. ஒண்ணு மட்டும் தாண்டிப் போயிருச்சு. மிகைப்பார்வைன்னு சொல்லுது. முன்னாடி பார்க்காத ஒரு ஆளை இப்ப அளவுக்கு மீறிப் பார்க்குறாங்களாம். சிகிச்சையோட பக்கவிளைவு.”

“நான் சொல்லல?” என்றாள் பவளக்கொடி.

“கிரேன் பார்த்துக்குற ஆளோட தலை அடிக்கடி ஒரு பக்கம் திரும்புனா துறைமுகத்துல ஏத்துக்க மாட்டாங்க. ஆனா நான் ‘பரவாயில்லை, இப்படியே இருக்கலாம்’னு எழுதித் தரலாம். வேற ஏதாவது உக்கார்ந்த வேலை குடுப்பாங்க. இல்லைன்னா, சில அமர்வுல மீட்பியே அதைச் சமப்படுத்திரும். உங்க இஷ்டம் சார்.”

சுயம்புலிங்கம் தலையை இடப்பக்கம் திருப்பினார். தேடினார். முகம் தெளிந்தது.

“நீ என்ன சொல்லுத ராஜகனி? நீ சொல்லுததுதான்.”

அறையில் இருந்த அத்தனை கண்ணும் அவள்மேல் வந்து நின்றன. அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இந்த மாப்பிள்ளை வேண்டுமா என்று கேட்டதில்லை. எத்தனை பிள்ளை வேண்டும் என்று கேட்டதில்லை. ஒரே பிள்ளை நிலாக் குடியிருப்புக்கு வேலைக்குப் போனபோதும், போகட்டுமா என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். பதில் நெஞ்சு முழுக்க இருந்தது. இப்படியே இருக்கட்டும் டாக்டர். மூன்றே வார்த்தை.

ஆனால் வாய் என்பது பழக்கத்துக்கு வாக்கப்பட்ட சாமான். அவர் விழுந்த நாளிலிருந்து சாமிகளிடமும் விசாரிக்க வந்தவர்களிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் ஒன்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. பவளக்கொடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். புருஷன் தன் பின்னாலேயே சுற்றட்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கினாள் என்ற பேச்சு லிப்டில் எத்தனை தளம் போகும்?

“அவுக பழையபடி ஆனாப் போதும் டாக்டர்” என்றாள் ராஜகனி.

நிலோஃபர் நிமிர்ந்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“ஆமா டாக்டர். வேலைக்குப் போணும்லா. நாலு பேர் ஒண்ணு சொல்லக் கூடாது.”

“சரி, அவ சொல்லிட்டா” என்றார் சுயம்புலிங்கம். அவள் பேச்சைக் கேட்டு அவர் செய்த முதல் காரியம் அதுதான்.

சமப்படுத்துவதற்கும் அதே மீன் ஏலக்கூடம். அதே கண்கூடு, அவளுக்கும்தான். பார்க்காமல் இருக்கப் பழக வேண்டுமென்றால் பார்க்கிற பொருள் எதிரில் இருக்க வேண்டுமே. சட்டம் மட்டும் தலைகீழ். அவர் அவளைப் பார்த்தால் வெளிச்சம் குறையும். பார்க்காமல் இருந்தால் வழி திறக்கும்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. திரும்பி அவளைத் தேடுவார். கண்டதும் ஏலக்கூடம் இருண்டுபோகும். இருட்டுக்குள் கையை நீட்டி, “ராஜகனி, இங்கதான நின்ன?” என்பார். அவள் பதில் சொல்லக் கூடாது என்று மீட்பி சொல்லியிருந்தது. தொங்கிய உடம்பு வேர்த்து ஒழுகும். அடுத்தடுத்த அமர்வுகளில் அவர் திரும்புவது குறைந்தது. ஆனாலும் வழி திறந்தபிறகும் வாசலில் தயங்கி நிற்பார். எதையோ மறந்து வைத்துவிட்ட ஆள் மாதிரி கால் மாற்றி நிற்பார். கழுத்து பாதி திரும்பி நடுங்கும். வெளிச்சம் அணைந்து அணைந்து எரியும்.

அவர் படுகிற பாட்டைப் பார்க்க ராஜகனிக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, ஏலக்கூடத்துத் தூண் ஒன்றுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டாள். கழுத்து நடுக்கம் நின்றது. வெளிச்சம் பளிச்சென்று வந்தது. சுயம்புலிங்கம் வெளியே போனார். காலடிச் சத்தம் தேய்கிற வரை அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சான்றுக்கான கடைசிச் சோதனையை மீட்பி வீட்டிலேயே வைத்துக்கொண்டது. கொக்கியில் பட்டை இல்லை. கூடம் நிறைய ஆள். செலஸ்டின் அக்கா, பவளக்கொடி, துறைமுகத்து நண்பர்கள் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். சுயம்புலிங்கம் சோபாவில் உட்கார்ந்தார். ராஜகனி தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“உங்கள் இடப்பக்கம் இருப்பவற்றைச் சொல்லுங்கள்” என்றது சுவரிலிருந்து மீட்பியின் குரல்.

சுயம்புலிங்கம் தடங்கலில்லாமல் திரும்பினார். “ஜன்னல். கம்பியில ஒரு காக்கா. திரைச்சீலை, கீழ் ஓரம் கிழிஞ்சிருக்கு. சுவர்ல காலண்டர். போன மாசத்துத் தாளைக் கிழிக்கல. பிரம்பு நாற்காலி.”

“வேறு ஏதாவது?”

அவர் இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தார். அவர் பார்வை அவளுடைய மூக்குத்தி வழியாகப் போய், நாற்காலியின் பின்பக்கத்துப் பின்னலை எட்டியது.

“வேற ஒண்ணுமில்ல.”

“முன்னளவோடு முழுமையாகப் பொருந்துகிறது. வாழ்த்துகள்” என்றது மீட்பி.

கூடமே கைதட்டியது. “எங்கண்ணன் வந்துட்டான்!” என்று பவளக்கொடி அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நண்பர்கள் தோளில் தட்டினார்கள். “இந்தா, எல்லாருக்கும் காபி” என்றார் சுயம்புலிங்கம், காலண்டரைப் பார்த்து. ராஜகனி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பால் பொங்கி வரும் நேரத்தில் அடுப்படிச் சுவரில் மீட்பி மெதுவாகப் பேசியது. அதற்கு இங்கிதம் உண்டு.

“துணையாளருக்கு ஒரு செய்தி. அமர்வுகளில் கூட இருந்ததில் உங்களிடமும் ஒரு பக்கவிளைவு தெரிகிறது. அவர் பேசும்போதெல்லாம் உங்கள் முகம் நிமிர்கிறது. நிமிர்ந்து, சற்று நேரம் அப்படியே நிற்கிறது. உங்கள் முன்னளவில் இது இல்லை. இதற்கு மிகை எதிர்பார்ப்பு என்று பெயர். சில அமர்வுகளில் சரிசெய்துவிடலாம்.”

ராஜகனி அடுப்பைத் தணித்தாள். “சரியாயிட்டா என்ன ஆவும்?”

“எதுவும் உறுத்தாது. முன்பு போல நிம்மதியாக இருக்கலாம்.”

பால் மேலே மெல்ல ஏடு படிந்தது. இந்தத் தடவை அவள் வாய் முந்திக்கொள்ளவில்லை. கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை.

“வேண்டாம்” என்றாள். “எனக்கு அது அப்படியே இருக்கட்டும்.”

மீட்பி வற்புறுத்தவில்லை. அந்த வீட்டில் ஒருவர் குணமடைந்தார், ஒருவர் சிகிச்சையை மறுத்தார் என்று பதிந்துகொண்டது. வீட்டில் நோயாளி உண்டு என்று வாசலில் எரியும் விளக்கு அணையாமல் தொடர்ந்து எரிந்தது. அதற்குப் பிறகு அடுக்ககத்தில் சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பாவம் அண்ணாச்சி, அவர் எழுந்தார், அவள் விழுந்தாள் என்று ஆளாளுக்கு நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜகனியை நோய் விசாரிக்க வந்தார்கள். ஆரஞ்சுப் பழமும் சத்துமாவு டப்பாவும் வாங்கி வந்திருந்தார்கள். பையைச் சுயம்புலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு, அவரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர் துறைமுகத்தில் திரும்பச் சேர்ந்த கதையைச் சொன்னார். கிரேன் கொஞ்சமும் பிசகாமல் பெட்டியைத் தூக்கின லாவகத்தைச் சொன்னார். ராஜகனி காபித் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து நீட்டினாள். அவரவர் டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். கண்ணை எடுத்தால் கதையில் ஒரு வார்த்தை தவறிவிடும் என்று சுயம்புலிங்கத்தின் முகத்தையே பார்த்தபடி எடுத்துக்கொண்டார்கள்.

கதை முடிந்ததும் துறைமுகத்து நண்பர் ஒருவர், வந்த காரியம் நினைவுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“வீட்டுல இப்ப எப்படி இருக்காக அண்ணாச்சி?”

“அவளுக்கென்ன” என்று சுயம்புலிங்கம் காபியை உறிஞ்சினார். “நல்லாத்தான் இருக்கா.”

எல்லோரும் ஆறுதலாகத் தலையாட்டினார்கள். கடவுள் புண்ணியத்தில் அவர்களில் ஒருவருக்கும் மூளையில் அடைப்பு வந்ததில்லை. ராஜகனி முகத்தை நிமிர்த்தியபடி, காலி டம்ளர்களுக்காகத் தட்டோடு, அவருக்கு வலப்பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.